சக்கரம் உறுமினால்: பேரிங் தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆயுத பூசை அன்று காருக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். மீதி 364 நாளும் அந்தச் சக்கரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்கு எங்க தாமானில் இருந்து நாலு பிள்ளைகளை அப்பாவோட பழைய காரில் ஏற்றிப் போவது என் பொறுப்பு. ஒரு நாள் 60 கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் 'ஊம்ம்ம்' என்று ஒரு சத்தம். ரேடியோவைக் கூட்டி வெச்சேன். மூணாவது வாரம் பின் சீட்டில் இருந்த பையன், "அண்ணே, கார் பிளேன் மாதிரி கத்துது" என்றான். டயர்தான் என்று நானே முடிவு பண்ணி, சேர்த்து வைத்த காசில் முன் டயர் இரண்டையும் மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. படிப்பதோ இயந்திரவியல் பொறியியல்!

பட்டறை அண்ணன் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சோதிக்காம சாமானை மாத்திட்ட. எது எது இல்லைன்னு முதல்ல பாரு. மிச்சம் நிக்கிறதுதான் கோளாறு." அன்று அவரிடம் கற்றதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

பேரிங் உள்ளே என்ன நடக்கிறது?

சக்கர பேரிங்கில் இரண்டு வளையம், நடுவில் எஃகு உருண்டைகள், கிரீஸ், அதைக் காக்கும் சீல். முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பெரும்பாலானவற்றில் வெளி வளையம் அசையாது. உள் வளையம் சக்கரத்தோடு சுற்றும். காரின் எடை முழுவதும் இந்த உருண்டைகள் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. சீல் கிழிந்து வெள்ளத் தண்ணீர் உள்ளே போனாலோ, சாலைக் குழியில் பலமாக விழுந்தாலோ, பல ஆண்டு ஓடிக் களைத்தாலோ, வளையத்தின் வழவழப்பான பாதையில் சின்னச் சின்னப் பள்ளம் விழும். உருண்டை அதன்மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு தட்டு.

ஒரு சின்னக் கணக்கு. சிறிய கார்கள் பலவற்றில் இருக்கும் 175/65 ஆர்14 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். அதாவது வினாடிக்குச் சுமார் 14 சுற்று. ஒரு வரிசையில் 13 உருண்டை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் வெளி வளையத்தின் ஒரு பள்ளத்தை ஏறக்குறைய 5 உருண்டைகள் கடக்கும். வினாடிக்கு 70 தட்டு! அந்த உறுமல் இதுதான். வேகம் பாதியானால் தட்டும் பாதியாகும். அதனால்தான் சத்தம் வேகத்தோடு ஏறி வேகத்தோடு இறங்குகிறது.

ஓட்டிப் பார்க்கும் சோதனை

கூட்டமில்லாத நல்ல சாலையில், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ரேடியோவை அடைத்துவிட்டு ஓட்டுங்கள்.

1. ஒரே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். இன்ஜின் சுற்று மாறும். சக்கரச் சுற்று மாறாது. சத்தமும் மாறவில்லை என்றால் இன்ஜின் மேல் குற்றமில்லை.

2. புதுத் தார் சாலையிலும் சிமெண்டு சாலையிலும் கேளுங்கள். சாலைக்குச் சாலை சத்தம் நன்றாக மாறினால் டயராக இருக்கலாம். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போடும்போது சத்தமும் கூடவே இடம் மாறினால் டயரேதான். நான் புது டயர் வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டியது இது!

3. பிரேக் மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் பிரேக்கைப் பாருங்கள். ஸ்டேரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது 'டக் டக்' என்றால் டிரைவ் ஷாப்ட் மூட்டைப் பாருங்கள்.

4. நீண்ட வளைவில் கேளுங்கள். வலது பக்கம் வளையும்போது காரின் எடை இடது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் இடது பேரிங் மேல். நான் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, வலது பேரிங்தான் என்று அண்ணனிடம் அடித்துச் சொன்னேன்.

தூக்கிப் பார்க்கும் சோதனை

ஓட்டிப் பார்ப்பது சந்தேகத்தை மட்டும் தரும். உறுதி செய்யச் சக்கரத்தைத் தூக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தூக்கிய பிறகு ஜேக் ஸ்டாண்டு கட்டாயம் கொடுங்கள். வெறும் ஜேக்கை நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து 12, 6 மணி இடங்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்கவில்லை என்றால் பால் ஜாயிண்ட் போன்ற வேறு இடம். 3, 9 மணி இடங்களில் மட்டும் ஆடினால் ஸ்டேரிங் இணைப்பையும் பாருங்கள்.

ஆட்டம் இல்லாத காரணத்தால் பேரிங் நல்லது என்று முடிவு பண்ணிடாதீங்க. தேய்ந்த பேரிங் ஆடாமலே சத்தம் போடும். நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, மறுகையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வையுங்கள். எங்க காரில் வலது ஸ்பிரிங் அமைதி. இடது ஸ்பிரிங்கில் கை வைத்ததும், உள்ளே மணல் அரைபடுவது போல இருந்தது. காது சொன்னது தப்பு, கை சொன்னது சரி.

அடுத்து என்ன?

தள்ளிப் போடாதீர்கள். தேய்ந்த பேரிங் சூடாகும், ஆட்டம் கூடும், சில கார்களில் ஏபிஎஸ் விளக்கு எரியும். முற்றிய நிலையில் சக்கரம் இறுகிப் போகலாம், கழன்றும் போகலாம்.

அழுத்திப் பொருத்தும் வகைப் பேரிங்குக்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். வெளி வளையத்தைப் பொருத்தும்போது அதன்மேல்தான் அழுத்த வேண்டும். அழுத்தம் உருண்டைகள் வழியாகப் போனால் புதுப் பேரிங் அன்றைக்கே கெட்டுவிடும். ஆகவே பட்டறையில் கேளுங்கள்: பிரஸ் இருக்கா? நடு நட்டைக் கார் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சில் இறுக்குவீங்களா? சுத்தியலால் அடிப்போம் என்றால் வேறு பட்டறை பாருங்கள். மாற்றிய பிறகு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

இடது பேரிங்கை மாற்றினோம், சத்தம் நின்றது. அதற்கு முந்தைய ஞாயிறு, பிள்ளைகளைக் கோயில் வேனில் அனுப்பிவிட்டு, அவர்களின் பெற்றோரிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னேன். ஒரு அம்மா, "எத்தனை வாரமா தம்பி இந்தச் சத்தம்?" என்று கேட்டார். "மூணு வாரம்" என்று சொல்லும்போது அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. டயருக்குப் போன காசு எனக்கு இப்போது பெரிதில்லை. அந்த மூணு வாரம்தான் உறுத்துகிறது.

அடுத்த ஆயுத பூசைக்கு எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன், வீட்டு வண்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தங்கச்சி தம்பிகளையும் கூப்பிட்டு ஸ்பிரிங் மேல் கை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பூசையில் சேர்ந்ததுதான்.