கேபிள் முனையைப் பற்றவைத்தல்

வாழவந்தி நாட்டிலிருந்து மிளகும் காப்பியும் ஏற்றிக் காரவள்ளிக்கு இறங்குவோர் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடத்தல் வேண்டும். அவ்வழியில் கிளட்சுக் கேபிள் அறுந்தால் வண்டி நின்றுபோகலாம். பிரேக் கேபிள் அறுந்தால் நிறுத்துவதே அரிது.

கேபிள் பெரும்பாலும் அறுவது நிப்பிளை ஒட்டிய முனையிலேயாம். நிப்பிள் தன் குழியில் சுழலாது இறுகினால், பிடியை இழுக்குந்தோறும் கம்பி மடிந்து இழையிழையாக முறியும். ஆகவே அக்குழிக்கு மசகிடுதலே முதற்கடமை.

புதிது செய்யுங்கால், வெட்டுமிடத்தில் முன்னரே பற்றாசு ஏற்றினால் இழை பிரியாது. உறையை முதலிற் கோத்துவிடுதல் வேண்டும் (மறப்போர் பலர்!). பித்தளை நிப்பிளில் கம்பியை நுழைத்தபின், பற்றாசு ஏறிய நுனியைக் களைந்து, இழைகளைப் பூப்போல் விரித்து, நிப்பிளின் குழிவுக்குள் இழுத்துப் பற்றவைக்க. இழுவையைத் தாங்குவது அவ்விரிவே. வெறும் பற்றாசு வழுக்கிவிடும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த பற்றாசு ஏறக்குறைய 190 பாகை செல்சியசில் உருகுமாதலால், ஊதுவிளக்கின் சுடரை நேரே காட்டி எஃகின் உரத்தைக் கெடுத்தல் வேண்டா. அமிலம் இழைகளுள் தங்கித் துருவேற்றும். சோடா நீரிற் கழுவி உலர்த்தி எண்ணெயிடுக.

பிரேக்குக்கு இயன்றவரை கடைக் கேபிளே தக்கதென்று கருதுகிறோம். இயலாதபோது, நின்ற வண்டியில் பிடியை முழுவலிமையுடன் பன்முறை இழுத்துப் பார்க்க. நிப்பிள் மயிரளவு நகர்ந்திருப்பினும் மலையிறங்கலாகாது.