போரின் காரணம் தேடப் புறப்படும் பிள்ளைகளுக்கு

1. கொலையோடு நின்றுவிடாதீர்கள். முதல் உலகப் போர் ஏன் மூண்டது என்று கேட்டால், 1914 ஜூன் 28 அன்று சராயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுடப்பட்டதை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறவர்களே அதிகம். ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது ஜூலை 28. நாம் படிக்க வேண்டியது இடைப்பட்ட அந்த ஒரு மாதத்தை.

2. வீட்டில் திருடு போனால் ஸ்டேஷனுக்கு ஓடலாம். ஒரு நாட்டுக்கு அப்படி ஓடிப்போய் முறையிட இடமில்லை. தன் பாதுகாப்பைத் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாடுகளின் உறவை இப்படிப் பார்க்கும் யதார்த்தவாதம் தொடங்குவது இங்கேதான். மனிதன், அரசு, அரசுகளுக்கு மேலே அதிகாரம் இல்லாத அமைப்பு என்று போரின் காரணங்களை மூன்று தளங்களாகப் பிரித்துக் காட்டினார் அரசியல் அறிஞர் கென்னத் வால்ட்ஸ், 1959-இல். ஆனால் அந்த மூன்றாவது தளம் எந்நாளும் இருக்கிறது. போர் எந்நாளும் நடப்பதில்லை. போர் ஏன் மூளக்கூடும் என்பதைத்தான் அது சொல்லும். இந்தப் போர் ஏன் இப்போது என்பதற்கு வேறு விடை தேட வேண்டும்.

3. அந்த விடையை அச்சத்தில் தேடுங்கள். செர்பியாவுக்குத் துணை நின்றது ரஷ்யா, ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி. ஒரு பக்கம் பிரான்ஸ், மறுபக்கம் ரஷ்யா. இரண்டும் 1894 முதல் கூட்டாளிகள். நடுவே ஜெர்மனி. 1905-இல் ஜப்பானிடம் தோற்ற ரஷ்யா மளமளவென்று எழுந்தது. பிரெஞ்சுக் கடனில் மேற்கு எல்லைக்குத் தண்டவாளம் போட்டது. அதன் படைப் பெருக்கத் திட்டம் 1917-இல் முடிவதாக இருந்தது. ரஷ்யாவுக்கு அது தற்காப்பு. பெர்லின் தளபதிகளுக்கோ கழுத்தில் இறுகும் சுருக்கு. இன்னும் மூன்று வருடம் போனால் நம்மால் முடியாது, அடிப்பதென்றால் இப்போதே என்று கணக்குப் போட்டார்கள். ஏதென்ஸ் வளர்ந்ததும் ஸ்பார்ட்டா அஞ்சியதுமே அவற்றின் போருக்கு மெய்யான காரணம் என்று பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியதும் இதைத்தான்.

4. ரயில் அட்டவணையைப் படியுங்கள். ரஷ்யா மெதுவாகத்தான் படை திரட்டும், அதற்குள் ஆறு வாரத்தில் பிரான்ஸை முடித்துவிடலாம் என்பது ஜெர்மனியின் திட்டம். ஆகவே ரஷ்யா திரட்டத் தொடங்கினாலே ஜெர்மனியின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஜூலை 29 இரவு, ஜெர்மன் பேரரசரின் தந்தியைப் பார்த்து ரஷ்யாவின் ஜார் நிக்கோலஸ் முழுப் படைதிரட்டலை நிறுத்தினார். மறுநாள் பிற்பகல், வெளியுறவு அமைச்சர் சசோனோவ் நெடுநேரம் வாதாடிய பிறகு, மீண்டும் ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 1 அன்று, பிரிட்டன் ஒதுங்கி நிற்கும்போலத் தெரிந்ததும், படையைக் கிழக்கே திருப்பச் சொன்னார் ஜெர்மன் பேரரசர். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே; ஆண்டுக்கணக்கில் போட்ட திட்டத்தை ஒரு மாலையில் மாற்றினால் மிஞ்சுவது படையல்ல, கும்பல் என்பது அவர் வாதம். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் பதைக்கிறது.

5. வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷரைக் கட்டாயம் படியுங்கள். அச்சம் அல்ல, ஜெர்மனியின் பேராசையே காரணம் என்று 1961-இல் வாதிட்டவர். அவருக்குப் பதில் சொல்ல வராதவருக்கு யதார்த்தவாதம் இன்னும் புரியவில்லை.

6. ‘தவிர்க்க முடியாத போர்’ என்று எழுதாதீர்கள். 1912 கடைசியில், பால்கன் நெருக்கடியில், இதே ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் கலீசியா எல்லையில் கூடுதல் படையை நிறுத்தி முறைத்துக்கொண்டன. அதே அச்சம், அதே கூட்டணிகள். 1913 மார்ச்சில் இரண்டும் படையைக் குறைத்துக்கொண்டன. அந்தக் குளிர்காலத்தையும் 1914 ஜூலையையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது மாறியது என்று குறித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.