குவியும் கோப்பும் வேக வாசிப்பும்

கேள்வி: உதவியாளராகப் பதவி உயர்வு வந்ததிலிருந்து மேசையில் அரசாணைகள் குவிகின்றன. ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடுகிறது. வேக வாசிப்புப் பயிற்சியில் சேரலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். 1959-ல் அமெரிக்காவில் ஈவ்லின் உட் தொடங்கிய பயிற்சி, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் என்று ஆசை காட்டியது. கீத் ரெய்னரும் சக உளவியலாளர்களும் ஆய்வுகளை அலசி எழுதிய, 2016-ல் வெளியான கட்டுரை, வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும் என்றே சொல்கிறது. துறைச் சொற்களும் விதிகளும் பழகப் பழகத்தான் கண் தானாக ஓடும்.

அதுவரை ஒரு வழி உண்டு. அரசாணையை மேலிருந்து கீழாகப் படிக்காதீர்கள். முதலில் ‘சுருக்கம்’. அது உங்கள் பிரிவுக்குச் சம்பந்தமில்லை என்றால் கோப்பில் சேர்த்துவிடுங்கள். சம்பந்தம் இருந்தால் நேராகக் கடைசிப் பத்திகளுக்குப் போங்கள். ‘அரசு ஆணையிடுகிறது’ என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நடுவில் வருவது துறைத் தலைவர் எழுதிய கடிதங்களின் கதை. சந்தேகம் வந்தால் மட்டும் அதைப் புரட்டினால் போதும். முந்தைய ஆணைகளையும் கடிதங்களையும் பட்டியலிடும் ‘படிக்கப்பட்டவை’ பகுதியைப் பழைய ஆணைக்குத் திருத்தம் வரும்போது விடவே கூடாது.

தொகை, தேதி, நிபந்தனை வரும் இடங்களில் மட்டும் பென்சிலை வைத்துக்கொண்டு ஆமை வேகத்தில் போங்கள். தணிக்கையில் மாட்டுவது அங்கேதான். படித்ததும் யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று ஓரத்தில் இரண்டு வரி குறித்துவிட்டால், அடுத்த மாதம் அதிகாரி கேட்கும்போது மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்காது.