பாட்டியின் கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?

2005-ஆம் ஆண்டு இளையராஜாவின் ‘திருவாசகம்’ ஆல்பம் வெளியானது. மாணிக்கவாசகரின் பாடல்களை ‘ஓரட்டோரியோ’ என்னும் மேற்கத்திய வடிவில் அமைத்து அவரே பாடினார். ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ். கேட்பவரை உருக வைக்கும் ஆல்பம் அது.

ஸ்டூடியோவில் குரலையும் வாத்தியங்களையும் தனித்தனி ‘ட்ராக்’குகளில் பதிவு செய்ய முடியும். பிறகு ஒவ்வொன்றின் அளவையும் சரிசெய்து ஒன்றாகக் கலப்பார்கள். இதுதான் ‘மிக்ஸிங்’.

காரைக்காலில் எங்கள் வீட்டிலும் ஒரு திருவாசகம் இருக்கிறது. மாங்கனித் திருவிழா சமயத்தில் பாட்டி பாடியதை அப்பா டேப் ரிக்கார்டரில் பதிந்த கேசட் அது. பாட்டி இப்போது இல்லை. இருப்பது அந்த ஒரே பிரதி. கடற்காற்றின் ஈரத்தில் நாடா கெடுவதற்குள் காப்பாற்ற வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படியொரு கேசட் இருக்கிறதா? இதோ வழி.

1. கேசட்டின் விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். தவறுதலாக ரிக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பாட்டு அழியாது. நாடாவில் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

2. டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் நீலநிற ‘லைன் இன்’ துளைக்கு வயர் கொடுங்கள். லேப்டாப்பில் அந்தத் துளை இல்லையென்றால், லைன் இன் வசதியுள்ள யு.எஸ்.பி. ஆடியோ கருவி வாங்கிக்கொள்ளலாம்.

3. இலவச மென்பொருளான ‘ஆடாசிட்டி’யைத் திறந்து சிவப்புப் பட்டனை அழுத்துங்கள். பிறகு கேசட்டை ஓடவிடுங்கள். அலைக்கோடு மேல், கீழ் விளிம்புகளை முட்டினால் ஒலி உடையும். டேப்பின் வால்யூமைக் குறையுங்கள்.

4. முடிந்ததும் ஃபைல் மெனுவில் ‘எக்ஸ்போர்ட்’ மூலம் ‘வேவ்’ ஃபைலாகச் சேமியுங்கள். சி.டி. தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும். எம்.பி.3 பத்தில் ஒரு பங்குதான். ஆனால் சுருக்கும்போது விட்டுப்போன ஒலி திரும்பாது.

5. இரைச்சலைக் குறைக்க, குரல் இல்லாத ஓரிரு விநாடிகளைத் தேர்வு செய்து, எஃபெக்ட் மெனுவில் ‘நாய்ஸ் ரிடக்ஷன்’ சென்று ‘கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்’ கிளிக் செய்யுங்கள். பின் முழுப் பாட்டையும் தேர்வு செய்து, அதே இடத்தில் 6 டெசிபல் கொடுத்து ‘ஓகே’ செய்யுங்கள்.

இங்கேதான் நான் தவறினேன். ஆசையில் 24 டெசிபல் கொடுத்தேன். இரைச்சல் போனது, பாட்டியின் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. கேசட்டில் குரலும் இரைச்சலும் ஒரே நாடாவில் கலந்திருப்பதால், ஒன்றை நீக்கினால் மற்றதும் கொஞ்சம் போகும். நல்லவேளை, முதல் வேவ் ஃபைல் பத்திரமாக இருந்தது. ஆகவே திருத்தங்களை நகலில் மட்டும் செய்யுங்கள். மூலத்தை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

இரண்டாவது முறை 6 டெசிபலோடு நிறுத்திக்கொண்டேன். பாட்டுக்கு நடுவே பாட்டி இருமுவார். அதையும் வெட்டவில்லை. அப்பா கேட்டுவிட்டு, “இதை அப்படியே இருக்க விடுப்பா” என்றார்.