வெள்ளி வேண்டாம், கிராம்பு போதும்

கேள்வி: ஆத்தூர் பக்கம் சேகோ ஆலை வைத்திருக்கிறோம். மரவள்ளி மாவில் மட்கும் படலம் செய்து, நானோ வெள்ளியும் கிராம்பு எண்ணெயும் சேர்த்தால் பழமும் பன்னீரும் கெடாமல் இருக்குமா? தொழிலாகச் செய்யலாமா?
– வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: தாராளமாக முயலலாம். ஆனால் வெள்ளியை விட்டுவிடுங்கள். கடையில் இருக்கும்வரை உங்கள் படலம் கிருமிகளை அடக்க வேண்டும். குப்பைக்குப் போனபின் நுண்ணுயிர்கள்தான் அதைத் தின்று தீர்க்க வேண்டும். வெள்ளி அயனிகளுக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. உரக்குழியில் வேலை செய்யும் பாக்டீரியாக்களையும் அவை தாக்கும். மட்க வேண்டிய பொருளில் அதைச் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால் பாக்டீரியாவின் மேலுறையைக் குலைத்துவிட்டு, நாளாக ஆக ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் அதைச் சிபாரிசு செய்கிறேன். சிக்கலும் அதில்தான் இருக்கிறது: கொதிக்கும் கூழில் ஊற்றினால் வீணாகும். மரவள்ளி மாவு 60 முதல் 70 டிகிரியில் கூழாகிவிடும். மாவின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் கிளிசரின் சேர்த்துக் காய்ச்சுங்கள். சூடு தணிந்தபின், பால்மமாக்கிய எண்ணெயைக் கலந்து தட்டில் ஊற்றி உலர்த்துங்கள். உலோகம் வேண்டுமென்றால் நானோ துத்தநாக ஆக்ஸைடை மிகக் குறைவாகச் சேருங்கள். அது கூடினால் துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்து படலம் எளிதில் கிழியும். உணவில் இறங்கும் துத்தநாகத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என வரம்பு வைத்திருக்கிறது.

பன்னீரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஈரம் பட்டால் மாவுப் படலம் ஊறிக் குழைந்துவிடும், கிராம்பு வாசனையும் பன்னீரில் ஏறும். மாம்பழப் பெட்டிகளுக்கு உள்விரிப்பாகத் தொடங்குவதே நல்லது.

விற்பதற்கு முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் கட்டாயம். ஐஎஸ் 17088 தரப்படி, சூடான உரக்குவியல் சூழலில் 180 நாட்களுக்குள் படலத்தின் கரிமத்தில் 90 சதவீதம் கரியமிலவாயுவாக மாற வேண்டும். தெருவோரம் வீசினாலும் அதே வேகத்தில் மட்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள், அது உண்மையல்ல. கிருமிச் சோதனை, மட்கும் சோதனை இரண்டையும் ஒரே படலத்தில், எல்லாச் சேர்மானங்களோடும் செய்யுங்கள். எந்திரம் வாங்குவதற்கு முன் திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்திடம் ஒருமுறை ஆலோசனை கேளுங்கள். மரவள்ளி மாவைப் பற்றி அவர்களுக்கு நெடுநாள் அனுபவம் உண்டு.