வாட் கூடினால் ஓசை கூடுமா?

திரையரங்கின் ஒலியை வீட்டுக்குள் கொண்டுவரும் ‘ஹோம் தியேட்டர்’ இன்று சிற்றூர்களிலும் புகுந்துவிட்டது. அதனை வாங்குவோர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவைத்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இயற்பியல் படிக்கிறேன் என்பதால் தெருவில் உள்ளோர், “தம்பி, எத்தனை வாட் வாங்கலாம்?” என்று என்னிடம் கேட்பதுண்டு. மாதத் தவணை கட்டி வாங்குவோரின் கேள்வி இது. இதற்குச் சரியான விடை கூறுவது நம் போன்ற மாணவர்களின் கடமையாகும்.

வாட் என்பது பெருக்கி தரும் மின்திறனே, ஒலியின் அளவன்று. மின்னாற்றலை ஒலியாற்றலாக மாற்றுவது ஸ்பீக்கர். இயங்கு சுருள் ஸ்பீக்கரைப் பற்றி ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர்கள் 1925-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை. ஆனால் அதன் பயனுறுதிறன் மிகக் குறைவு. 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தொலைவில் அளக்கும் ஒலி மட்டத்தை ஸ்பீக்கரின் உணர்திறன் என்பர். இது 92 டெசிபெல் எனில் பயனுறுதிறன் ஏறத்தாழ 1 விழுக்காடு. 82 டெசிபெல் எனில் 0.1 விழுக்காடு. எஞ்சிய ஆற்றலில் பெரும்பகுதி கம்பிச்சுருளில் வெப்பமாகி வீணாகிறது.

டெசிபெல் மடக்கை அளவு என்பதை நாம் அறிவோம். மின்திறனை இருமடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல் கூடும். அப்போதுதான் ஓசை ஏறத்தாழ இருமடங்கானதாகக் காதுக்குத் தோன்றும். ஆகவே 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கினால் பெரிய மாற்றம் தெரியாது. மாறாக, 85 டெசிபெல் ஸ்பீக்கரை நீக்கி 91 டெசிபெல் ஸ்பீக்கரை வைத்தால், 25 வாட்டே முன்னைய 100 வாட்டின் ஒலியைத் தரும்!

திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் சில வாட்டுகளிலேயே ஊர் முழுதும் கேட்பது எவ்வாறு? அதன் விரிந்த குழாய், அதிரும் தகட்டைக் காற்றோடு பொருத்துகிறது. இது ஒலியியல் பொருத்தம்.

இனி மின் பொருத்தத்தைக் காண்போம். வால்வுப் பெருக்கிகளில் மின்மாற்றி இன்றியமையாதது. 5000 ஓம் சுமை வேண்டும் வால்வை 8 ஓம் ஸ்பீக்கருடன் இணைக்க, 25-க்கு 1 என்ற சுற்று விகிதம் தேவை. 25-ன் வர்க்கமாகிய 625-ஐ 8-ஆல் பெருக்கினால் 5000 வருமன்றோ? டிரான்சிஸ்டர் பெருக்கியின் உள் எதிர்ப்பு மிகச் சிறியது. இங்கு இரண்டும் சமமாக வேண்டியதில்லை. ஸ்பீக்கரின் ஓம், பெருக்கியில் குறித்துள்ள அளவுக்குக் குறையாதிருந்தால் போதும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் போட்டால் 4 ஓம் ஆகி, மின்னோட்டம் இருமடங்காகும். அதற்கென அமையாத பெருக்கி சூடேறிப் பழுதாகலாம். தொடர் இணைப்பில் 16 ஓம் ஆகி, பெருக்கி தரும் திறன் பாதியாகும்.

மூன்றாவது, ஸ்பீக்கர்களுக்குள் இருக்க வேண்டிய பொருத்தம். 5.1 அமைப்பில் பாத்திரங்களின் உரையாடல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அதன் உணர்திறன் மற்றவற்றினும் 6 டெசிபெல் குறைந்தால் வசனம் அமுங்கிவிடும். வீட்டில் உள்ள முதியோருக்குக் கேட்கவில்லையென்று ஒலியைக் கூட்டினால், அடுத்து வரும் சண்டைக்காட்சி அண்டை வீட்டையே எழுப்பும்! ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவையும் தனித்தனியே சரிசெய்யும் வசதி இருப்பின், நடு ஸ்பீக்கரை மட்டும் உயர்த்துவதே முறை.

எனவே கடைக்குச் செல்வோர் மூன்றைக் கேட்க வேண்டும்: உணர்திறன் எத்தனை டெசிபெல்? எத்தனை ஓம்? தொடர்ந்து தரக்கூடிய திறன் எத்தனை வாட்? ‘பி.எம்.பி.ஓ.’ என்று ஆயிரக்கணக்கில் அச்சிடும் வாட்டுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறை இல்லை. அந்த எண்ணுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.