'முதற்பதிப்பு' என்று போட்டிருந்தால் போதுமா?

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பழைய பேப்பர் கடைகளில் எடைக்கு வந்து விழும் கட்டுகளுக்குள் எப்போதாவது ஒரு நல்ல நாவல் தலைகாட்டும். உள்ளே 'முதற்பதிப்பு' என்ற வரி கண்ணில் பட்டால் புதையல் கிடைத்த குஷிதான். ஆனால் தமிழ்ப் புத்தகத்தில் அதிகம் ஏமாற்றுவதே அந்த வரிதான்.

பதிப்பகம் மாறினால் எண்ணிக்கை பெரும்பாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிடும். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆனதும் 'பொன்னியின் செல்வ'னை ஆளாளுக்குப் போட்டார்கள். 1954-இல் காலமானவரின் நாவலுக்கு 2000-க்குப் பிறகும் 'முதற்பதிப்பு'கள் வந்தது இப்படித்தான். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர்க்கு அது முதல். ஆகவே முதலில் வெளியிட்டது யார், எப்போது என்பது தெரிந்திருக்க வேண்டும். 'ஜே.ஜே: சில குறிப்புகள்' என்றால் 1981, க்ரியா. காலச்சுவடு வெளியீடு கையில் கிடைத்தால் அது பிந்தியது.

'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' தொடரைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருப்பவர்கள், தங்களிடம் இருப்பதே முதற்பதிப்பு என்பார்கள். அது முதல் பிரசுரம், பதிப்பு அல்ல. மணியத்தின் ஓவியங்களுக்காக அதற்குத் தனி மவுசு உண்டு என்பது வேறு விஷயம்.

பழுப்பேறிய தாளைக் காட்டி வயது சொல்வதும் வீண். மட்டரகத் தாள் பத்தே வருடத்தில் பழுத்துவிடும். அதைவிட விலையும் முகவரியும் நன்றாகப் பேசும். 'ரூ. 3-8-0' என்று அணாவில் விலை இருந்தால், 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தைய அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 'நயா பைசா' என்றிருந்தால் அதற்குப் பிந்தைய சில ஆண்டுகள். 1964-இல் 'நயா' உதிர்ந்துவிட்டது. அஞ்சல் குறியீட்டு எண் வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். அம்பத்தூருக்கு 600 053, ஆவடிக்கு 600 054. எனவே 1966-இல் வெளியான 'ஒரு புளியமரத்தின் கதை'யின் முதற்பதிப்பு என்று ஒருவர் நீட்டும் பிரதியில், பதிப்பக முகவரி 'சென்னை-600' என்று தொடங்கினால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

எழுத்தும் சாட்சி சொல்லும். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முந்தைய வணிக அச்சில் 'லை', 'னை' இரண்டும் யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்போடுதான் இருக்கும். 60-களின் நாவல் இன்றைய 'லை'யோடு இருந்தால் அது மறு அச்சு. தலைகீழாக வாதிட முடியாது: ஈய எழுத்துகளைத் தூக்கிப் போட மனமில்லாத அச்சகங்கள் 1978-க்குப் பிறகும் பழைய கொம்போடு அச்சடித்தன.

வெளிநாட்டு நாவல்களில் 10 9 8 7 என்று இறங்கும் எண்வரிசையில் 1 இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த வழக்கம் தமிழ்ப் பதிப்பில் வேரூன்றவில்லை. அதைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்.

நூலக முத்திரை விழுந்த பிரதி மதிப்பற்றது என்பது இன்னொரு நம்பிக்கை. அழகு கெடும், விலையும் இறங்கும். ஆனால் முத்திரையில் தேதி இருந்தால், அந்தத் தேதிக்கு முன்பே அச்சானதற்கு அதுவே அத்தாட்சி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நூலகம் கழித்ததற்கான குறிப்பு எங்கும் இல்லையென்றால், அது அலமாரிக்குத் திரும்பாத இரவல் புத்தகமாகவும் இருக்கலாம்.